இன்னொரு மண்ணில் கால் வையுங்கள்

தமிழில் அறிவியல் புனைகதை எழுதும் இளையவர்களுக்கு,

உங்கள் கதைகளைத் தேடிப் படிக்கிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். மூளையில் பதித்த சில்லு, காதலிக்கக் கற்றுக்கொண்ட இயந்திரம், இறந்துபோன தகப்பனின் குரலில் பேசும் மென்பொருள், நேற்றைக்குத் திரும்பிப்போய் ஒரு விபத்தைத் தடுக்கத் தவிக்கும் மகன் என்று நீங்கள் எழுதுவதில் நல்ல கதைகள் பல உண்டு. இன்னும் இருபது வருடத்தில் நம் நகரங்கள் எப்படி மூச்சுத் திணறும் என்பதை என் தலைமுறையைவிடக் கூர்மையாகச் சொல்கிறீர்கள். ஆனால் உங்களில் பெரும்பாலோர் பூமியை விட்டு நகர்வதே இல்லை. தொலைதூர எதிர்காலம், மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துக் கிடக்கும் வேறொரு கோள், அந்த மண்ணில் ஒரு நெடும்பயணம், பசி, ஆபத்து, கண்டுபிடிப்பு. இந்த வகைக் கதையைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டீர்கள். அதைத் திரும்பக் கையில் எடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். அது விடலைப் பையன்கள் படிக்கிற சாகசம். அது வெள்ளைக்காரனின் காலனிக் கனவு. அறிவியல்படி அது நடக்கவே நடக்காது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மைகளிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவு தவறு என்று நினைக்கிறேன்.

சாகசம் என்று சொன்னதும் பலர் முகம் சுளிப்பதை இலக்கியக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். ஒளிக்கற்றைத் துப்பாக்கியும் பச்சைத்தோல் அரக்கனும் உடனே நினைவுக்கு வந்துவிடுகின்றன. அந்த மாதிரிக் குப்பை அமெரிக்க மலிவுப் பத்திரிகைகளில் மூட்டை மூட்டையாக வந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வகைமையை அதன் சொத்தைகளை வைத்தா மதிப்பிடுவது? நம் சரித்திரத் தொடர்கதைகளை அப்படி மதிப்பிட்டால் எத்தனை தேறும்?

1952-இல் ஜாக் வான்ஸ் எழுதிய ‘பிக் பிளானட்’ நாவலைப் பாருங்கள். பூமியைவிட மிகப் பெரிய ஒரு கோள். அதன் மண்ணில் உலோகம் அரிது. கனமான தனிமங்கள் இல்லாததால் அடர்த்தி குறைவு, ஆகவே அத்தனை பெரிய கோளிலும் மனிதன் சாதாரணமாக நடமாட முடிகிறது. இந்த ஒரு உண்மையிலிருந்தே அங்குள்ள சமூகம் முழுவதும் பிறக்கிறது. இரும்பு இல்லாததால் இயந்திரம் இல்லை. இயந்திரம் இல்லாததால் எந்த அரசாங்கத்தின் கையும் நூறு கல் தொலைவுக்கு மேல் நீளாது. பூமியின் சட்டம் பிடிக்காமல் கிளம்பி வந்த ஒவ்வொரு கூட்டமும் தன் இஷ்டப்படி ஒரு ஊரைக் கட்டிக்கொண்டு வாழ்கிறது. கலம் நொறுங்கி உயிர் தப்பிய சிலர் பூமியின் தூதரகப் பகுதியை அடைய 40,000 மைல் கடக்க வேண்டும். கம்பத்துக்குக் கம்பம் கட்டிய கயிற்றில், பாய் விரித்து, காற்றின் தயவில் ஓடும் தொங்குவண்டியில் சில நாள் போகிறார்கள். வழியில் ஒரு ஊரில் எல்லோருமே பிரபுக்களாக ஆடம்பரத்தில் திளைக்கிறார்கள். அப்படியானால் வேலைக்காரர்கள் யார் என்று தேடிப் போனால், அவர்களும் அதே பிரபுக்கள்தான். நாளில் ஒரு பகுதி எசமானாக வாழ்வதற்காக மறுபகுதியில் இன்னொருவருக்கு ஏவலாளாக உழைக்கிறார்கள். வர்க்கம் பற்றி இவ்வளவு துல்லியமான ஒரு கற்பனையை ஒரு துரத்தல் கதையின் நடுவே வைத்துவிட்டு அடுத்த ஊருக்கு நடக்கிறார் வான்ஸ். உங்கள் கட்டுரைகளில் இதைச் சொல்ல எத்தனை பக்கம் ஆகும் என்று யோசியுங்கள்.

விடலைப் பையன்களுக்கானது என்கிறீர்களே, உண்மையிலேயே அவர்களுக்காகவே எழுதப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ராபர்ட் ஹைன்லைனின் ‘ஃபார்மர் இன் த ஸ்கை’ 1950-இல் சாரணச் சிறுவர்களின் பத்திரிகையான ‘பாய்ஸ் லைஃப்’பில் தொடராக வந்தது. வியாழனின் நிலவான கானிமீடில் குடியேறும் ஒரு பையனின் கதை. அதன் நாயகன் யாரையும் சுட்டுத் தள்ளவில்லை, மண் செய்கிறான். பாறையை எந்திரத்தில் போட்டு நொறுக்குகிறார்கள். நொறுங்கிய பொடி மண் ஆகிவிடாது. அதில் உயிர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனின் உயிருள்ள மண்ணிலிருந்து கொஞ்சம் வாங்கி வந்து, உறைமோர் ஊற்றுவதுபோல அந்தப் பொடியில் கலந்து, கழிவும் நுண்ணுயிரும் மண்புழுவும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். நெல் விளைவதற்கு முன்னால் நிலம் விளைய வேண்டியிருக்கிறது. பூமியில் ஒரு கைப்பிடி மண்ணுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பள்ளிப் பாடப் புத்தகங்கள் உணர்த்தாத அளவுக்கு இந்தச் சிறுவர் கதை உணர்த்துகிறது. பிறகு ஒரு நிலநடுக்கத்தில் வெப்பத்தைத் தக்கவைக்கும் அமைப்பு பழுதாகிறது, பயிர் உறைகிறது, குடியேறியவர்களில் பெரும்பகுதியினர் சாகிறார்கள். நாயகனின் மாற்றாந்தாய் வழித் தங்கையும் சாகிறாள். சிறுவர் பத்திரிகை என்பதற்காக ஹைன்லைன் அந்தக் குழந்தையைக் காப்பாற்றவில்லை.

ஹைன்லைனின் கானிமீட் பல இடங்களில் தவறு. அந்த நிலவின் மேலோடு பனிக்கட்டியால் ஆனது என்பதும், வியாழனின் கதிர்வீச்சு அங்கே எவ்வளவு கடுமை என்பதும் பின்னால்தான் தெளிவாகின. கானிமீடுக்குச் சொந்தமாகக் காந்தப்புலம் இருப்பதைக் கலிலியோ விண்கலம் 1996-இல்தான் கண்டது. ஆனால் அன்று தெரிந்ததை வைத்து நேர்மையாகக் கணக்குப் போட்டவரின் தவறு அது. நம்மில் பலர் இன்று தெரிந்ததைக்கூடக் கணக்கில் எடுப்பதில்லை.

ஹாரி ஹாரிசனின் ‘டெத்வேர்ல்ட்’ 1960-இல் வந்தது. பிர்ரஸ் என்ற கோளில் ஈர்ப்பு நம்முடையதைப் போல இரு மடங்கு. எரிமலை, நிலநடுக்கம், நடக்கத் தெரிந்த உயிரெல்லாம் மனிதனைக் கொல்லப் பாய்கிறது. செடிகூட விஷ முள்ளோடு காத்திருக்கிறது. நகரத்துக் குழந்தைகள் எழுதக் கற்கும் வயதில் சுடக் கற்கிறார்கள். சுரங்கத்தில் எடுத்த கன உலோகத்தை விற்று, அந்தக் காசில் ஆயுதம் வாங்கி, மறுபடியும் சண்டைக்கே போகிறார்கள். தங்கள் வீரத்தில் அவர்களுக்கு எல்லையில்லாத பெருமை. வெளியிலிருந்து வந்த ஒரு சூதாடி மட்டும் பழைய பதிவுகளைப் புரட்டிவிட்டு ஒரு சாதாரணக் கேள்வி கேட்கிறான்: இத்தனை தலைமுறை போராடியும் ஏன் உங்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது? அதே கோளில் நகரத்துக்கு வெளியே காட்டில் பயிர் செய்து பிழைக்கும் மனிதர்களை மட்டும் எந்த விலங்கும் கொல்வதில்லையே, ஏன்? விடை கொடுமையானது. அங்கே உயிர்கள் எண்ணத்தை உணர்கின்றன. நகரத்தார் நெஞ்சில் சுமக்கும் வெறுப்பைத்தான் அவை திருப்பித் தாக்குகின்றன. எதிரியை உண்டாக்கிக்கொண்டே இருந்தது அவர்களின் போர்தான்.

கதையின் அறிவியல் அங்கே பலவீனம், எண்ணத்தை உணரும் விலங்கு என்பது வசதியான கற்பனை. நடையும் தட்டை. ஆனாலும் ஒரு இராணுவச் சமூகம் தன் பயத்தை எப்படித் தானே வளர்த்து அதற்குத் தேசபக்தி என்று பெயர் வைக்கிறது என்பதை, துப்பாக்கி விரும்பும் பதினைந்து வயதுப் பையனின் கையில் துப்பாக்கிக் கதையாகவே கொடுத்து, கடைசியில் அந்தத் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னார் ஹாரிசன். பிரசங்கம் செய்திருந்தால் அந்தப் பையன் புத்தகத்தை மூடியிருப்பான்.

இந்த வரிசையில் என் மனதுக்கு மிக நெருக்கமானது உர்சுலா லெ குவினின் ‘பிளானட் ஆஃப் எக்ஸைல்’, 1966. சின்ன நாவல், அவருடைய பெரிய நாவல்களின் நிழலில் மறைந்துபோனது. வெரல் என்ற கோளில் ஒரு ஆண்டு என்பது நம் கணக்கில் 60 ஆண்டு. பனிக்காலம் மட்டும் பதினைந்து ஆண்டு. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஒரு வசந்தத்தைத்தான் பார்ப்பான், அதிர்ஷ்டம் இருந்தால் இன்னொன்று. அங்குள்ள பூர்வகுடி மக்களின் குழந்தைகள் குறிப்பிட்ட பருவங்களில் மொத்தமாகப் பிறக்கிறார்கள். பருவம் தவறிப் பிறந்த ரோலரி என்ற பெண்ணுக்குச் சம வயதில் துணையே இல்லை. ஆண்டின் நீளம் என்ற ஒரு வானியல் செய்தி ஒரு பெண்ணின் தனிமையாக மாறுவதைக் கவனியுங்கள். இதைத்தான் நான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

அதே கோளில் பூமியிலிருந்து வந்து, தொடர்பு அறுந்து, அறுநூறு ஆண்டாக மாட்டிக்கொண்ட ஒரு கூட்டம் இருக்கிறது. கலம் திரும்பி வரவில்லை. உள்ளூர் மக்களிடம் இல்லாத தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர்கள் கொண்டுவந்த சட்டம். அந்தச் சட்டத்தை விசுவாசமாகக் காத்துக் காத்தே பாட்டன் அறிந்ததைப் பேரன் மறந்துவிட்டான். பிள்ளைப்பேறு குறைகிறது, வீடுகள் காலியாகின்றன. அந்தக் கோளின் கிருமிகூட அவர்களைத் தொடாது, அவ்வளவு அந்நியம். இந்த நிலையில் எதிரிகள் ஊரை முற்றுகையிட, அதன் நடுவே ஒருவனின் காயம் சீழ் பிடிக்கிறது. மருத்துவன் அதைப் பார்த்துத் திகைக்கிறான். கிருமி தொற்றுகிறது என்றால் உடம்பு அந்த மண்ணுக்கு உரியதாக மாறத் தொடங்கிவிட்டது என்று பொருள். சீழ் பிடித்த புண் ஒரு இனத்தின் நம்பிக்கையாகும் தருணத்தை வேறு எந்த வகைமையில் எழுத முடியும்?

இனி உங்கள் இரண்டாவது குற்றச்சாட்டு. இந்தக் கதைகளின் அடியில் ஓடுவது காலனிய மனம் என்கிறீர்கள். ஆமாம், ஓடுகிறது. அமெரிக்க மேற்கில் செவ்விந்தியர் நிலத்தைப் பிடித்த கதையையே வானத்துக்குத் தூக்கிச் சென்றவர்கள் அவர்களில் ஏராளம். காலியான கோள், கடின உழைப்பாளியான குடியேறி, குறுக்கே நிற்கும் காட்டுவாசி. ஆனால் அந்த வகைமைக்குள்ளிருந்தே அதற்கு மறுப்பும் எழுந்தது. எச். பீம் பைப்பரின் ‘லிட்டில் ஃபஸி’ 1962-இல் வந்தது. ஒரு கோளையே சொந்தமாக்கிக்கொண்ட கம்பெனி, அங்கே அறிவுள்ள உயிர் எதுவும் இல்லை என்ற ஆவணத்தின் பலத்தில்தான் அதை வைத்திருக்கிறது. அறிவுள்ள சிறு உயிர்கள் கண்ணில் பட்டதும் பட்டயம் ஆட்டம் காண்கிறது, வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. 1972-இல் வெளிவந்த ‘த வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்’ கதையை லெ குவின் எழுதியபோது வியட்நாம் எரிந்துகொண்டிருந்தது. மரம் வெட்டக் காட்டுக்கோளுக்கு வந்த பூமிக்காரர்களின் கொடுமையை அவர் எந்தச் சமாதானமும் சொல்லாமல் எழுதினார்.

ஆனாலும் அவர்கள் எல்லோருடைய கதைகளிலும் பெரும்பாலும் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். நிலத்தைப் பிடித்தவன், நிலத்தைப் பறிகொடுத்தவன். மூன்றாவதாக ஒருவன் உண்டு. கப்பலில் ஏற்றப்பட்டவன், நிலம் அவனுடையது ஆகவில்லை, திரும்பவும் முடியவில்லை. அவனை உங்களுக்குத் தெரியும். அவன் உங்கள் பாட்டனின் பாட்டன்.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 300-க்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தமிழும் தெலுங்கும் பேசியவர்கள், கரும்புத் தோட்டத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம். மொரிஷியஸ், ஃபிஜி, மலேயா என்று எத்தனை கப்பல்கள்! இலங்கைக்குப் போனவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தார்கள். காலராவில் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். பிழைத்தவர்கள் காட்டை அழித்துக் காப்பி நட்டார்கள். 1869-இல் காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடி படிந்தது. ஒரு பூஞ்சை. இருபது ஆண்டுக்குள் அந்தத் தீவின் காப்பித் தொழில் ஏறக்குறைய முடிந்துபோனது. ஒரே பயிரை மலை முழுக்க நட்டவர்களுக்கு ஒரு நுண்ணுயிர் கற்பித்த பாடம். பிறகு தேயிலை வந்தது. பயிர் மாறியது, வரிசைக் குடியிருப்பான லயம் மாறவில்லை, கங்காணியிடம் பட்ட கடன் மாறவில்லை.

ஒரு கோளில் நடக்கும் சாகசக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? பெருங்காடு, அந்நிய மண், ஒரே பயிரை நம்பிய குடியேற்றம், இலையடியில் ஒரு நிறப்பொடி, அதை முதலில் கவனித்துவிட்டு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நிற்கும் ஒரு கூலிப் பெண். அவள் பேச்சைக் கேட்க மேலாளருக்கு நேரமில்லை. நான் இதைக் கற்பனை செய்யக் கஷ்டப்படவே இல்லை. கஷ்டப்பட்டவர்கள் நம் வம்சத்தில் இருக்கிறார்கள்.

இன்னும் சொல்கிறேன். 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அந்த மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கிட்டார்கள். தாங்கள் பார்த்தே இராத ஊருக்குத் ‘திரும்பி’ வந்த குடும்பங்கள் நீலகிரியில் இன்றும் இருக்கின்றன. இப்போது ஒரு கோளை நினையுங்கள். ஐந்தாம் தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்திருக்கிறது. அந்தக் கோளின் ஈர்ப்புக்கே எலும்பு வளர்ந்த மனிதர்கள். ஒருநாள் வானத்தில் ஒரு கப்பல் வருகிறது. ஒப்பந்தம் முடிந்தது, உங்கள் உலகமான பூமிக்கு உங்களைக் கொண்டுபோக வந்திருக்கிறோம் என்கிறது. ஹைன்லைனால் இதை எழுதியிருக்க முடியாது. வான்ஸுக்குத் தோன்றியிருக்காது. நீங்கள் எழுதலாம். எழுதாமல் இருப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இந்தக் கதைகளுக்கு நம் மொழியில் முன்னோடி இல்லை என்றும் சொல்லாதீர்கள். புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தோட்டத்துக்கும், அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலில் மலேயா ரப்பர் காட்டுக்கும் போனார்கள். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976-இல் வந்தது. ஆபத்துக்குத் தப்பி ஓடிவந்த ஒரு கூட்டம், மொழி வேறான ஒரு நிலத்தில், காட்டுக்குத் தீ வைத்து, மண்ணைத் திருத்தி, ஊர் ஆகிறது. அதை விண்கலம் இல்லாத ஒரு குடியேற்றக் கோள் நாவலாக ஒருமுறை படித்துப் பாருங்கள். நாவல் கட்டுவது எப்படி என்று ஹைன்லைனிடம் கற்கலாம். ஊர் கட்டுவது எப்படி என்று கி.ரா.விடம்தான் கற்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களில் வெகுசிலர் கோளுக்குப் போகும்போது அங்கே புலிக்கொடி பறக்கிறது. நகரங்களுக்குப் பழைய துறைமுகங்களின் பெயர். கல்லணை மாதிரி ஒரு அணை, பெருங்கோயில் மாதிரி ஒரு கோபுரம். மனதுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் அது வேறு கோளே இல்லை, தோரணம் கட்டிய பழைய ஊர். ஆயிரம் ஆண்டு கழித்து வேறொரு சூரியனுக்குக் கீழே நம் மக்கள் எதை மறந்திருப்பார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது. ஆன் மக்காஃப்ரியின் பெர்ன் கதைகள் நிலைத்ததற்கு அதுதான் காரணம். 1967-இல் தொடங்கிய அந்தக் கதைகளில் பறவைநாகங்களை மட்டும் பார்க்காதீர்கள். வானிலிருந்து விழும் இழை தொட்ட உயிரையெல்லாம் தின்கிறது. பல தலைமுறைக்கு ஒருமுறை வரும் ஆபத்து அது. இடையில் ஒருமுறை நானூறு ஆண்டு வராமல் போனதும் மக்கள் அதைப் பாட்டிக் கதை என்று ஒதுக்கி, காவல் காப்பவர்களுக்குப் படியளக்க முணுமுணுக்கிறார்கள். பூமியிலிருந்து வந்தவர்கள் நாம் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. எச்சரிக்கை மிஞ்சியிருப்பது பாடல்களில் மட்டும். வாய்மொழியில் இவ்வளவைக் காப்பாற்றி வைத்த சமூகத்தில் பிறந்த நீங்கள் இதை எங்கே கொண்டுபோக முடியும்!

மறதியையும் மண்ணையும் எப்படி இணைப்பது என்பதற்கு என் சார்பில் ஒரு உதாரணம். நம் பழைய சம்பா ரகங்கள் பல, பகல் குறுகுவதை உணர்ந்துதான் பூக்கும். காவிரி டெல்டாவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அந்தச் சிறு வித்தியாசத்தை ஒரு பயிர் அறிகிறது. இப்போது, நம் ஐந்து ஆண்டுக்கு ஒரு ஆண்டு சுற்றும் ஒரு கோளில், அச்சு நன்றாகச் சாய்ந்திருக்கும் ஒரு கோளில், குடியேறியவர்கள் சம்பா விதைக்கிறார்கள். பகல் நீண்டிருக்கும் காலம் இரண்டரை ஆண்டு. அவ்வளவு காலமும் பயிர் பச்சையாக, செழிப்பாக, கதிர் தள்ளாமல் நிற்கும். பார்க்க வளமான வயல், உள்ளே பட்டினி. பகல் நீளத்தைப் பார்க்காமல் விளையும் குறுவை விதை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்தக் கோளின் அரசர். விதைக் கிடங்கைத் தேடி ஒரு பனிக்கண்டத்தைக் கடக்க இரண்டு பேரை அனுப்புங்கள், உங்கள் சாகசம் தொடங்கிவிட்டது. வேளாண் கல்லூரியில் படித்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஏன் நீங்கள் ரோபோவைப் பற்றி எழுதுகிறீர்கள்?

அறிவியல்படி நடக்காது என்ற மூன்றாவது மறுப்புக்கு நான் நீண்ட பதில் சொல்லப் போவதில்லை. நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான ப்ராக்ஸிமா சென்டாரி 4.2 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 1977-இல் ஏவிய வாயேஜர் 1 நொடிக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அந்தத் தொலைவைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுக்கு மேலாகும். பழைய எழுத்தாளர்களுக்கும் தூரம் தெரியும். ஒளியைவிட வேகமான கலம் என்ற ஒரே ஒரு பொய்யை வாசலில் சொல்லிவிட்டு, உள்ளே போன பிறகு பொய் சொல்லாமல் இருக்க முயன்றார்கள். குடியேற்றமே சாத்தியமில்லை என்று வாதிடுகிற கிம் ஸ்டான்லி ராபின்சன்கூட 2015-இல் ‘அரோரா’ நாவலில் தன் மனிதர்களைத் தலைமுறைகள் பயணம் செய்ய வைத்து, அந்த மண்ணில் இறக்கி, அங்கே தோற்க வைத்துத்தான் அதைச் சொன்னார்.

வான்ஸும் ஹைன்லைனும் எழுதியபோது சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோள்கூடக் கண்டறியப்படவில்லை. சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் கோள் 1995-இல் தெரியவந்தது. 2022-இல் எண்ணிக்கை 5,000-ஐத் தாண்டியது. 2017-இல் அறிவித்த டிராப்பிஸ்ட்-1 அமைப்பில் ஏழு கோள்கள். ஏழும் புதன் நம் சூரியனைச் சுற்றுவதைவிட நெருக்கமாகத் தங்கள் சிவந்த விண்மீனைச் சுற்றுகின்றன. உள்கோளின் ஆண்டு ஒன்றரை நாள், கடைசிக் கோளின் ஆண்டு சுமார் 19 நாள். ஒன்றில் நின்று பார்த்தால் பக்கத்துக் கோள் நம் நிலவைவிடப் பெரிதாகத் தெரியும் நேரங்கள் உண்டு. அவற்றின் ஒரு முகம் எப்போதும் பகலாகவும் மறுமுகம் எப்போதும் இரவாகவும் இருக்கும் வாய்ப்பு அதிகம். கிழக்கு என்ற திசைக்கு அங்கே என்ன அர்த்தம்? விரதம் எப்போது முடியும்? இரவுக்குள் ஓடிப்போனவர்களை யார் தேடிப் போவது? இத்தனை கோள்களின் கணக்கு உங்கள் கைப்பேசியில் இலவசமாகக் கிடக்கிறது. ஒன்றுமே தெரியாத காலத்தில் அவர்கள் எழுதினார்கள். எல்லாம் தெரிந்த காலத்தில் நீங்கள் எழுதாமல் இருக்கிறீர்கள்.

பத்திரிகை ஆசிரியர்களும் போட்டி நடத்துகிறவர்களும் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சொல். ஆயிரத்தைந்நூறு வார்த்தைக்குள் ஒரு கோளைக் காட்ட முடியாது. கடைசி வரித் திருப்பத்தை மட்டுமே காட்ட முடியும். நம் இளைஞர்கள் திருப்பம் எழுதிப் பழகியதற்கு நீங்களும் பொறுப்பு. ஒரு சிறுகதைப் போட்டியில், நீளம் கூடிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மிக நல்ல ஒரு கோள் கதை முதல் சுற்றிலேயே ஒதுக்கப்பட்டதை நான் கண்ணால் கண்டேன். தமிழ் வாசகர்கள் வாரவாரம் காத்திருந்து தொடர்கதை படித்தவர்கள். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்துதான் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போனது. தொடருக்கு மறுபடி இடம் கொடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரு நாவல் எழுதுங்கள், சிறுகதை அல்ல. ஒரு கோளைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஈர்ப்பு, பகலின் நீளம், ஆண்டின் நீளம், மண்ணில் இல்லாத பொருள், இவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு தாளில் கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கு உங்கள் மனிதர்களின் சாப்பாட்டிலும் கல்யாணத்திலும் சாவிலும் வந்து நிற்கும்வரை விடாதீர்கள். கதையைக் கப்பல் தலைவனின் மேடையிலிருந்து சொல்லாதீர்கள், கீழ்த்தளத்தில் இருப்பவர்களிடமிருந்து சொல்லுங்கள். அந்தக் கோளில் முன்பே இருந்தவர்களை மறந்துவிடாதீர்கள். நம் கூலிகளின் துயரத்தை எழுதும்போது அவர்கள் வெட்டிய காடு யாருடையது என்ற கேள்வியும் கதைக்குள் வரட்டும், அது நமக்குச் சங்கடமாக இருந்தாலும். ஓடவும் நீந்தவும் ஏறவும் ஒளிந்துகொள்ளவும் உங்கள் பாத்திரங்களுக்கு வேலை கொடுங்கள். சிந்தனையை அவர்கள் கால்களில் வையுங்கள்.

எழுதி முடித்ததும் விமர்சகர்களுக்கு அனுப்பும் முன் பதினான்கு வயதுள்ள ஒரு பெண்ணிடமோ பையனிடமோ கையெழுத்துப் பிரதியைக் கொடுங்கள். எங்கே பக்கத்தைப் புரட்டாமல் நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். அந்த இடத்தைத் திருத்துங்கள். அந்த வயதினர் தமிழில் படிக்க எதுவுமில்லை என்று ஆங்கிலத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், சிலர் எதுவும் படிக்காமலே போய்விடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கோள் கடன்பட்டிருக்கிறீர்கள்.

அடுத்த கதையைப் பூமியில் தொடங்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்